பல வண்ண டார்ச்சுக்குக் காத்திருப்பதா, இப்போதே வேறொன்றை வாங்குவதா?

வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கூடவே புற ஊதா என்று பல ஒளிகளை ஒரே குழாயில் அடக்கிய டேக்டிக்கல் டார்ச் (காவலர், படையினர் தேவைக்கென வடிவமைத்த உறுதியான வகை) விரைவில் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டால், அதை எதிர்பார்த்து இருப்பவர்களுக்கு இருப்புக் கொள்வதில்லை. முதலில் படம் வெளியாகிறது, பிறகு மொத்த ஒளி எவ்வளவு என்று சொல்லும் லூமன் கணக்கு வெளியாகிறது, விலையும் தேதியும் மட்டும் தள்ளிக்கொண்டே போகின்றன. காத்திருக்கலாமா, கிடைப்பதை வாங்கிவிடலாமா என்று இந்த இடைவெளியில்தான் பலர் கேட்கிறார்கள். வானம் பார்ப்பவர், தவளையும் பூச்சியும் தேடி இரவில் காட்டோரம் நடக்கும் மாணவர், கடற்கரையில் ஆமைகளைக் காக்கச் செல்லும் தன்னார்வலர், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் மோட்டார் போடப் போகும் விவசாயி எனக் கேட்பவர்கள் பலவிதம் என்பதால், எல்லோருக்கும் ஒரே விடை சொல்ல இயலாது. ஆனால் எல்லோரும் ஒரே அளவுகோல்களை வைத்துப் பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்து இந்த வகை டார்ச்சை வாங்கக் கூடாது. கும்மிருட்டில், டார்ச்சைக் கண்ணால் பார்க்காமல், வெள்ளை ஒளி ஒரு கணம்கூட எரியாமல், வேண்டிய நிறத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பங்குனி ஆமை என்ற கடலாமை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாத இரவொன்றில், அலையின் விளிம்பைத் தாண்டி ஈர மணலிலிருந்து உலர்ந்த மணலை நோக்கி அது ஏறிக்கொண்டிருந்தது. துடுப்பு மணலை வழிக்கும் ஓசையும், இடையிடையே அது மூச்சு விடும் ஓசையும் மட்டுமே கேட்டன. குறிப்பேட்டில் நேரத்தை எழுதச் சிவப்பு ஒளி வேண்டி என் டார்ச்சின் பித்தானை அழுத்தினேன். ஒரே பித்தான் கொண்ட அந்த டார்ச்சில் முதல் அழுத்தத்துக்கு வெள்ளையும், அடுத்த அழுத்தத்துக்குச் சிவப்பும் எரியும். முந்தைய முறை எந்த நிறத்தில் அணைத்தோமோ அதே நிறத்தில் எரியும் என்று நினைத்திருந்தேன். வெள்ளை எரிந்தது அரை நொடிதான் இருக்கும். ஆமை நின்றது, உடலைத் திருப்பியது, வந்த வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் கடலுக்குள் போய்விட்டது. குழியும் முட்டையும் இல்லாத வளைந்த தடம் ஒன்றே மணலில் மிஞ்சியது. அந்த டார்ச்சில் நான்கு நிறங்கள் இருந்தன.

## முதலில் அளவுகோல்கள்

நிறத்துக்குப் போகும் வழி. ஒரே பித்தானை அழுத்தி அழுத்தி நிறங்களைச் சுற்றி வருவது, தலைப்பகுதியையோ கழுத்து வளையத்தையோ திருகி நிறத்தைத் தேர்ந்துகொண்டு பிறகு எரிய விடுவது, நிறத்துக்கு ஒன்றாகத் தனிப் பித்தான்கள் வைப்பது என்று இதில் மூன்று வழிகள் உண்டு. முதல் வழி தயாரிப்பாளருக்குச் செலவு குறைவானது, பயன்படுத்துபவருக்கு ஆபத்தானது. இரண்டாவது வழி விரல் நுனிக்குத் தெரியும் என்பதால் இருட்டுக்கு உகந்தது. சூர்ஃபயர் நிறுவனத்தின் பழைய குரோமா மாடல் வளையத்தைத் திருகி வெள்ளை, சிவப்பு, நீலம் மாற்றும் வகையைச் சேர்ந்தது. நைட்கோரின் எஸ்.ஆர்.டி.7 காந்த வளையத்தால் நிறத்தையும் ஒளி அளவையும் தேர்ந்துகொள்வது. ஃபீனிக்ஸின் டி.கே.25 வரிசையில் தலைப்பகுதியைத் திருப்பினால் நிறம் மாறும். காந்த வளையமோ, வால்பகுதியில் காந்தமோ உள்ள டார்ச்சைத் திசைகாட்டிக்கு அருகில் கொண்டுபோனால் முள் விலகும் என்பதை மலையேறுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு குறைவாக எரியும் என்பது. விளம்பரம் எப்போதும் உச்ச ஒளியையே பேசும், இரவுப் பார்வைக்கோ அடிமட்ட ஒளிதான் முக்கியம். நம் விழித்திரையில் மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள். அவற்றின் உணர்திறன் ஏறத்தாழ 507 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீலப்பச்சையில் உச்சத்தில் இருக்கும். பகல் பார்வைக்கான உச்சம் 555 நானோமீட்டர். சிவப்பு எல்.இ.டி.க்கள் பெரும்பாலும் 620 முதல் 630 நானோமீட்டர் வரையிலான ஒளியைத் தருகின்றன. அந்த இடத்தில் குச்சி செல்களின் உணர்திறன் மிகவும் குறைந்துவிடுவதால், அவற்றில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி அதிகம் சிதையாமல் தப்புகிறது. கண் முழுமையாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைக் காப்பதுதான் சிவப்பு ஒளியின் வேலை. ஆனால் முந்நூறு லூமன் சிவப்பை வெள்ளைத் தாளில் அடித்துப் படித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அடர்த்தியான சிவப்பைவிட மிக மங்கலான பச்சையே சில வேலைகளுக்கு மேலானது. ஒரு லூமனுக்கும் கீழே இறங்காத சிவப்பை வானம் பார்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லூமன் என்ற அலகு மனிதக் கண்ணின் பகல் பார்வையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், பச்சைக்கு எண் கூடுதலாகவும் நீலத்துக்கும் ஆழ்ந்த சிவப்புக்கும் எண் குறைவாகவும் வரும். பச்சை 400, நீலம் 60 என்று பட்டியலில் இருந்தால், நீல எல்.இ.டி. சோப்ளாங்கியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. புற ஊதாவை லூமனில் அளக்கவே முடியாது, அதை மில்லிவாட்டில்தான் சொல்வார்கள்.

வண்ண எல்.இ.டி. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஒரு பிரதிபலிப்பானுக்கு ஒரு மையம்தான் உண்டு. அந்த மையத்தில் வெள்ளை எல்.இ.டி. இருந்தால் ஒளிக்கற்றை தூரம் போகும். வண்ண எல்.இ.டி.க்களை ஓரத்தில் பதித்திருந்தால் அவற்றின் ஒளி அருகிலேயே பரவி நின்றுவிடும். குறிப்பேடு எழுதவும், காலடியைப் பார்க்கவும் அது போதும், நூறு மீட்டர் தொலைவைப் பார்க்கப் போதாது. நான்கு நிறச் சில்லுகளையும் ஒரே பொதியில் நெருக்கி மையத்தில் வைப்பது ஒரு மாற்று. அதில் ஒவ்வொரு சில்லும் மையத்திலிருந்து கொஞ்சம் விலகியே இருக்கும் என்பதால் ஒளிவட்டம் ஒரு பக்கம் சாய்ந்து விழும். திருகும்போது எல்.இ.டி. தட்டே நகர்ந்து, வேண்டிய நிறம் மையத்துக்கு வரும் வகையும் உண்டு. தூரத்துக்கு அதுவே சிறந்தது, ஆனால் நகரும் உறுப்பு என்றால் மணலும் ஈரமும் அதற்கு எதிரி. தூரத்தைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது: ஒளிக்கற்றையின் செறிவைச் சொல்லும் கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். டார்ச்சுகளை அளப்பதற்கான எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு இது. அந்தத் தூரத்தில் 0.25 லக்ஸ், அதாவது ஏறக்குறைய முழுநிலவின் ஒளி அளவே மிஞ்சும் என்பதால், ஆளை அடையாளம் காண அதில் பாதி தூரத்தைத்தான் நம்பலாம்.

வெள்ளை ஒளியின் தரம். பல வண்ண டார்ச் வாங்குபவர்கள் மறந்துவிடும் அளவுகோல் இது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் கிராமத்தவர். சிவப்பு ஒளியில் நிறங்கள் எல்லாம் சிவப்பின் ஏற்றஇறக்கமாக மாறிவிடும். காய்ந்த சருகின் மேல் சுருண்டு கிடக்கும் கண்ணாடிவிரியனின் பழுப்புப் புள்ளிகளைச் சருகிலிருந்து பிரித்துக் காட்ட அந்த ஒளியால் முடியாது. வரப்பிலும், மோட்டார் அறை வாசலிலும், விறகுக் குவியல் அருகிலும் கால் வைப்பதற்கு முன் வேண்டியது அகலமாகப் பரவும் நல்ல வெள்ளை ஒளி. வண்ணங்களுக்கு இடம் கொடுப்பதற்காக வெள்ளையைக் குறைத்த டார்ச் விவசாயிக்கு ஆகாது.

பேட்டரி. சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் செல்களில் 18650 அளவோ, அதைவிடப் பெரிய 21700 அளவோ, எந்தக் கடையிலும் வாங்கி மாற்றக்கூடிய பொதுவான செல்லாக இருக்க வேண்டும். 3,500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) கொள்ளளவு கொண்ட 18650 செல்லில் ஏறத்தாழ 12.6 வாட்-மணி ஆற்றலும், 5,000 எம்.ஏ.எச். கொண்ட 21700 செல்லில் 18 வாட்-மணி ஆற்றலும் அடங்கும். 9,900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டு மலிவாக விற்கும் 18650 செல்களை நம்பக் கூடாது, அந்த அளவுள்ள உருளையில் அவ்வளவு அடங்காது. தயாரிப்பாளர் தனக்கென்றே வடிவமைத்த செல்லைத்தான் போட வேண்டும் என்றால், அதன் விலையை டார்ச்சின் விலையோடு இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள்.

## வழி ஒன்று: புதிய பல வண்ண டார்ச்சுக்குக் காத்திருப்பது

காத்திருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. எல்.இ.டி.க்களின் திறன் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. சி வகை யூ.எஸ்.பி. வழியாக டார்ச்சிலேயே சார்ஜ் ஏற்றும் வசதி பரவலாகிவிட்டது. 21700 செல்லுக்கு மாறியதால் ஏறக்குறைய அதே அளவுக் கைப்பிடியில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் ஆற்றல் கிடைக்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய பல வண்ண மாடல்களோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் உண்மையான முன்னேற்றங்கள். ஒரே இரவில் நிறங்களைப் பலமுறை மாற்றுபவருக்கு, உதாரணமாக வெள்ளையில் நடந்து, சிவப்பில் குறிப்பெழுதி, புற ஊதாவில் பாறையிடுக்கில் தேள் தேடுபவருக்கு, மூன்று விளக்குகளைச் சுமப்பதைவிட ஒன்றே வசதி. தேளின் மேலோடு புற ஊதா ஒளியில் பச்சையும் நீலமுமாக ஒளிர்வதை ஒருமுறை பார்த்தவர்கள் அந்த ஐந்தாவது ஒளியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் அறிவிப்பில் 365 நானோமீட்டரா, 395 நானோமீட்டரா என்பதைப் பார்க்க வேண்டும். 395 என்றால் ஊதா நிறமும் சேர்ந்து தெரிந்து, ஒளிர்வை மூழ்கடிக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக 365 ஒளியை யாருடைய கண்ணிலும் அடித்துவிடக் கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது காலம். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறுகின்றன. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளியும் குளிர்கால அமாவாசைகளும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. அக்டோபரில் வரும் என்ற டார்ச் மார்ச்சுக்குத் தள்ளிப்போனால் ஓராண்டே போய்விட்டதாகப் பொருள். அடுத்தது முதல் தொகுப்பின் குறைகள். நிறம் மாற்றும் வரிசை, கடைசி நிறத்தை நினைவில் வைக்கும் முறை, அடிமட்ட ஒளி ஆகியவற்றைத் தீர்மானிப்பது உள்ளே உள்ள மென்பொருள். அதை வாங்கியவர் பெரும்பாலும் மாற்ற முடியாது. முதல் சில மாதங்களில் பயனர்கள் புகார் சொன்ன பிறகு திருத்திய தொகுப்பு வருவதும், முதலில் வாங்கியவர்கள் பழையதோடு நிற்பதும் இந்தத் துறையில் நடப்பதுதான். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கப்பல் கட்டணமும் சுங்கமும் சேரும். உத்தரவாதம் ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும், திருப்பி அனுப்பும் செலவு நம்முடையதாக இருந்தால் அதன் மதிப்பு பாதிதான். லித்தியம் செல் உள்ள பொதியை அஞ்சலில் திருப்பி அனுப்புவது இன்னொரு சிரமம்.

அறிவிப்பில் சொல்லும் எண்களைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. முன்பு சொன்ன எஃப்.எல்.1 தரநிலைப்படி, உச்ச லூமன் என்பது எரிய விட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளந்தது. எரியும் நேரம் என்பது ஒளி முதலில் இருந்ததில் பத்து விழுக்காடாகக் குறையும் வரையிலான நேரம். ஆகவே 2,000 லூமனில் மூன்று மணி நேரம் எரியும் என்று அட்டையில் இருந்தால், அதில் மிகப் பெரும்பகுதி அதைவிட எவ்வளவோ குறைந்த ஒளியில் கழிந்திருக்கும். நம் ஊர்ச் சூட்டில் உலோக உடல் விரைவில் கொதிப்பதால், உச்ச ஒளி சில நிமிடங்களில் தானாகவே இறங்கிவிடும். அதோடு, இந்த அளவீடுகளைப் பல நிறுவனங்கள் வெள்ளைக்கு மட்டும் தந்துவிட்டு, வண்ணங்களுக்கு ஒரு லூமன் எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன.

## வழி இரண்டு: ஏற்கெனவே விற்பனையில் உள்ள பல வண்ண டார்ச்

எனக்குப் பிடித்த வழிகளில் இது ஒன்று. காரணம், சோதித்துப் பார்த்தவர்களின் அனுபவம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்ட்ரீம்லைட் நிறுவனத்தின் சைட்வைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படைவீரர்களை மனத்தில் வைத்துச் செய்த, தலை திரும்பும் சிறு விளக்கு அது. வெள்ளை, சிவப்பு, அகச்சிவப்பு உள்ளிட்ட நிறங்களைக் கையுறை போட்ட விரல் தடவித் தேர்ந்தெடுக்கலாம், பெட்டிக்கடையில் கிடைக்கும் இரண்டு பென்சில் செல்லிலேயே எரியும். லூமன் எண் இன்றைய கணக்கில் மிகச் சாதாரணம். ஆனால் இருட்டில் அதைக் கையில் பிடித்தவருக்கு, வடிவமைத்தவர் இருட்டில் நின்று யோசித்திருக்கிறார் என்பது புரியும்.

குறைகளும் உண்டு. பழைய மாடல்களில் தனிச் சார்ஜர் வேண்டியிருக்கும், 21700 செல் ஏற்காது, நின்றுபோன மாடலானால் ரப்பர் வளையமும் பித்தான் உறையும்கூடக் கிடைக்காது. கடையில் நீண்ட காலம் கிடந்த டார்ச்சோடு வரும் செல்லும் கிழடாகிப் போயிருக்கலாம், அதை மாற்றும் செலவைச் சேர்த்தே விலையைப் பேச வேண்டும். புதிய மாடல் அறிவிப்பு வந்தவுடன் பழையதன் விலை இறங்குவது வழக்கம் என்பதால், காத்திருப்பவர்களின் ஆவல் இந்த வழியில் வாங்குபவருக்கு லாபம். அடுத்த மாதமே வேலைக்கு வேண்டும், ஒரே விளக்கில் வெள்ளையும் சிவப்பும் போதும் என்பவருக்கு இது பொருந்தும்.

## வழி மூன்று: நல்ல வெள்ளை டார்ச், மேலே வண்ண ஃபில்டர்

இது பழைய வழி, வெட்கப்பட வேண்டிய வழி அல்ல. அமெரிக்கப் படையில் பல பத்தாண்டுகள் புழங்கிய எம்.எக்ஸ்.991 என்ற வளைந்த தலை டார்ச்சின் அடிமூடியில் வண்ண வில்லைகள் அடுக்கியிருக்கும். வேண்டியதை எடுத்து முகப்பில் பொருத்திக்கொள்வார்கள்.

என் ஆமையைத் திருப்பி அனுப்பிய தவறு இந்த வழியில் நடக்கவே நடக்காது. சிவப்பு மூடி போட்ட டார்ச்சில் எந்தப் பித்தானை எப்படி அழுத்தினாலும் சிவப்புதான் வரும். மென்பொருளை நம்பத் தேவையில்லை, வீட்டிலேயே மூடியைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஃபில்டர் வாங்கக் காசு இல்லாத மாணவர்கள் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்வதும் இதே வழிதான், அதுவும் வேலை செய்யும்.

இழப்பு ஒளியில்தான். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. மீது மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசியது. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014 இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலம் கலந்த குளிர் வெள்ளையில் சிவப்புப் பகுதி மிகக் குறைவு. சிவப்பு ஃபில்டர் மற்றதையெல்லாம் தடுத்துவிட்டு அந்தக் கொஞ்சத்தை மட்டுமே வெளியே விடும். பேட்டரி முழுச் செலவு, வெளிவரும் ஒளி சொற்பம். மஞ்சள் சாயல் கொண்ட, நிறங்களை உள்ளபடி காட்டும் வெள்ளை எல்.இ.டி. என்றால் இழப்பு கொஞ்சம் குறையும். வெள்ளை எல்.இ.டி.யில் 365 நானோமீட்டர் ஒளியே இல்லை என்பதால் புற ஊதாவை எந்த ஃபில்டராலும் பெற முடியாது. உச்ச ஒளியில் நீண்ட நேரம் விட்டால் பிளாஸ்டிக் மூடி வெந்து வளையும். மூடியின் ஓரத்தில் வெள்ளை கசியும், அதற்குக் கறுப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கழற்றிய மூடி மணலில் விழுந்தால் தேடுவதற்கு இன்னொரு டார்ச் வேண்டும் என்பதால், நூல் கட்டித் தொங்கவிடுங்கள்.

இரவு முழுவதும் ஒரே நிறம் போதும் என்பவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

## வழி நான்கு: வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று

கையில் வெள்ளை டார்ச், நெற்றியில் சிவப்பு எரியும் ஹெட் டார்ச். இப்போது நான் பின்பற்றுவது இதுதான். நெற்றிக்குக் கை போனால் சிவப்பு, இடுப்புக்குக் கை போனால் வெள்ளை. அழுத்தங்களை எண்ணத் தேவையில்லை, உடம்பே நினைவில் வைத்துக்கொள்கிறது. எழுதும்போதும், மணலைத் தோண்டும்போதும் இரண்டு கைகளும் விடுதலையாக இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பதைப் பார்த்தால், இரு கைகளும் வேலை செய்ய வேண்டியவருக்குக் கை டார்ச் முதல் தேர்வு அல்ல என்பது விளங்கும். ஒன்று பழுதானால் இன்னொன்று வீடு கொண்டுவந்து சேர்க்கும் என்பது தனியாக நடப்பவருக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் ஹெட் டார்ச்சிலும் அதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல மாடல்களில் ஒரே பித்தான் வெள்ளையைக் கடந்துதான் சிவப்புக்கு வரும். அணைந்திருக்கும் நிலையிலிருந்து நேராகச் சிவப்புக்குப் போகும் குறுக்குவழியோ, சிவப்புக்கென்று தனிப் பித்தானோ உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். ஹெட் டார்ச்சுக்கு மூன்று சிறு செல்கள், கை டார்ச்சுக்கு 18650 என்று இருவகைச் செல்களைத் தூக்குவது எரிச்சல்தான், ஒரே வகைச் செல் ஏற்கும் இணையைத் தேடினால் அது தீரும். பச்சையும் நீலமும் புற ஊதாவும் இதில் இல்லை. அவற்றை எத்தனை இரவு உண்மையில் பயன்படுத்துவோம் என்பதை ஒவ்வொருவரும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சை ஒளியை விற்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இரவில் காட்டுப்பன்றி வேட்டையாடுபவர்களுக்காக எழுதப்படுபவை. வேட்டையைத் தடுக்கும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நம் நாட்டில் பெரும்பாலோருக்கு அந்தத் தேவை எழாது. மஞ்சுமூட்டத்தை மஞ்சளோ சிவப்போ துளைத்துக்கொண்டு போகும் என்பதும் சரியல்ல. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஊட்டி மலைப்பாதையில் மஞ்சு இறங்கிவிட்டால் நெற்றி விளக்கை அணைத்து, கை டார்ச்சை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடிப்பதே பயன் தரும். அப்போது சிதறும் ஒளி கண்ணுக்கு நேரே திரும்பாது.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | புதியதற்குக் காத்திருப்பது | இப்போதுள்ள பல வண்ணம் | வெள்ளை + ஃபில்டர் | இரண்டு விளக்கு |
|---|---|---|---|---|
| வெள்ளை எரியாமல் சிவப்புக்குப் போவது | கையேடு வரும்வரை தெரியாது | மாடலைப் பொறுத்தது, திருகு வகை நல்லது | உறுதி | நேர்ச் சிவப்பு வசதி இருந்தால் உறுதி |
| மங்கலான சிவப்பு | பட்டியலில் தேட வேண்டும் | சோதித்தவர்களைக் கேட்கலாம் | டார்ச்சின் அடிமட்ட ஒளியைப் பொறுத்தது | பெரும்பாலும் நன்று |
| வண்ண ஒளியின் தூரம் | எல்.இ.டி. மையத்தில் இருந்தால் நன்று | பெரும்பாலும் குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| வெள்ளையின் தரம் | நன்றாக இருக்க வாய்ப்பு | நடுத்தரம் | மிக நன்று | மிக நன்று |
| புற ஊதா | பெரும்பாலும் உண்டு | சிலவற்றில் | இல்லை | மூன்றாவது விளக்கு வேண்டும் |
| மறைசெலவு | காலம், சுங்கம், முதல் தொகுப்புக் குறை | பழைய செல், உதிரிப் பாகம் | தொலையும் மூடி, வீணாகும் பேட்டரி | இருவகைச் செல் |

## நிறம் பிறருக்குச் சொல்லும் சேதி

பல வண்ண டார்ச் நமக்குப் புதிய பொருள் அல்ல. மண்ணெண்ணெய் எரிந்து, சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் சுழன்ற ரயில்வே கை விளக்கின் வாரிசாகத்தான் இன்று ரயில் மேலாளரும் (முன்பு கார்டு எனப்பட்டவர்) நிலைய ஊழியர்களும் மூவண்ண எல்.இ.டி. டார்ச்சை வைத்திருக்கிறார்கள். அங்கே சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் புறப்படு. சிவப்பு இல்லாதபோது வெள்ளை விளக்கை வேகமாக ஆட்டினாலும் அது ஆபத்து என்றே ஓட்டுநர் எடுத்துக்கொள்வார். ஆகவே தண்டவாளத்துக்கு அருகில் நடக்கும்போது புதிய டார்ச்சின் நிறங்களை மாற்றிப் பார்ப்பது விளையாட்டாகாது. சில டேக்டிக்கல் மாடல்களில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டும் நிலை ஒன்று இருக்கும். சாலையில் அதைப் பயன்படுத்தினால் காவல் வாகனம் என்று எண்ணி ஓட்டுநர்கள் தடுமாறுவார்கள். வண்டி பழுதாகி நின்ற அவசரத்தில்கூட, நிலையான சிவப்போ, மெதுவாக விட்டுவிட்டு எரியும் சிவப்போ போதும்.

கடற்கரைக்கும் இது பொருந்தும். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சு வெளிச்சம் மிகுந்த தொடுவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல், நகரக் கடற்கரையில் அது தெருவிளக்கு. சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் 1988 முதல் நடந்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் பொரிக்க வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஆரஞ்சு, சிவப்பு ஒளிகள் ஆமைகளை ஒப்பீட்டளவில் குறைவாகவே குழப்பும். ஆனாலும் குறைவான கேடும் கேடுதான். ஆமை நடையை நடத்துபவர்கள் டார்ச்சே வேண்டாம் என்று சொன்னால், எவ்வளவு நல்ல சிவப்பு கையில் இருந்தாலும் பையிலேயே இருக்கட்டும். பத்து நிமிடம் பொறுத்தால் நட்சத்திர ஒளியில் அலையின் விளிம்பும் ஆமையின் முதுகும் தெரியத் தொடங்கும்.

## முன்பதிவுக்கு முன் பார்க்க வேண்டியது

ஒரே இரவில் மூன்று நிறங்களுக்கு மேல் மாற்றுகிறவராகவும், இந்தப் பருவத்தைச் சமாளிக்க வேறொரு விளக்கு உள்ளவராகவும் இருந்தால் காத்திருங்கள். விவசாயிகள் காத்திருக்க வேண்டாம், அகலமாகப் பரவும் வெள்ளை டார்ச் ஒன்றை இன்றே வாங்குங்கள். வானம் பார்க்கத் தொடங்கியிருக்கும் பள்ளி மாணவருக்கு வீட்டில் உள்ள டார்ச்சும் சிவப்புக் கண்ணாடித்தாளும் போதும். விமானத்தில் பயணம் செய்பவர்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் உதிரி லித்தியம் செல்களை பிளாஸ்டிக் பெட்டியில் இட்டுக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பையில் வைக்க அனுமதி இல்லை.

காத்திருப்பவர்கள் விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, பயனர் கையேடு வெளியாகும் நாளைப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தங்கள் தளத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கின்றன. அணைந்த நிலையிலிருந்து சிவப்புக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் பத்தியைத் தேடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஒரு பேனாவை டார்ச்சாகப் பிடித்து அந்த அசைவைச் செய்து பாருங்கள். நான் எதிர்பார்த்திருக்கும் டார்ச்சின் கையேடு இன்னும் வரவில்லை. வரும் ஜனவரியில் என் நெற்றியில் அந்தப் பழைய சிவப்பு விளக்குதான் இருக்கும்.